மருதன் உயிரோடிருந்த நாலு வருஷம்

எட்வர்டுக்குப் பொய் சொல்ல வராது என்று ஊரில் ஒரு பேர் இருந்தது. அந்தப் பேரை அவன் கேட்டு வாங்கவில்லை. ஊர்தான் கொடுத்தது, கடைசியில் ஊரே பிடுங்கியும் கொண்டது. நடுவில் நாலு வருஷம் அவன் வாயில் ஒரே ஒரு பொய் இருந்தது. அதைத் துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் அவன் பட்ட பாட்டைத்தான் இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது.

தங்கச்சிமடத்துக்கு வடக்கே கடலை ஒட்டிய குடியிருப்பு அது. ஐம்பது அறுபது வீடு, ஒரு சின்ன மாதா கோயில், கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு பூவரச மரம். ஆண்கள் எல்லோரும் கடலுக்குப் போகிறவர்கள். எட்வர்டும் போனவன்தான். பத்தொன்பதாம் வயதில் வள்ளத்தைக் கடலுக்குள் தள்ளும்போது அடியில் போட்டிருந்த உருளைக்கட்டை நழுவி, இடது முழங்கால் நசுங்கிப்போனது. அதற்குப் பிறகு கருவாட்டுக் கிட்டங்கியில் தராசு பிடிக்கிற வேலை. சாமியார் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்திருந்ததால் இன்னொரு வேலையும் தானாக வந்து சேர்ந்தது. யாருக்குக் கடிதம் வந்தாலும் அவன்தான் படிக்க வேண்டும், அவன்தான் பதில் எழுத வேண்டும். கோயில் காரியம் பார்க்கிற உபதேசியாருக்கும் எழுத்துத் தெரியும். ஆனால் அவரிடம் ஒரு கடிதத்தைக் கொண்டுபோனால், அதைப் பிரிப்பதற்கு முன்னால் போன வாரம் பூசைக்கு ஏன் வரவில்லை என்று கேட்பார். அதனால் ஜனங்கள் எட்வர்டிடமே வந்தார்கள்.

லீமாரோஸ் அவனுக்கு மாமன் மகள். கட்டிக்கொள்கிற முறை. சின்ன வயதிலேயே பேசி வைத்ததுதான். கால் போன பிறகு அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை, வேண்டாம் என்றும் யாரும் சொல்லவில்லை. ஒருநாள் அவளை இன்னாசிக்கு நிச்சயம் செய்துவிட்டார்கள் என்று சேதி வந்தது, அவ்வளவுதான். இன்னாசி யாரோ ஒருவனாக இருந்திருந்தால் எட்வர்ட் வயிறெரிந்து ஆறியிருப்பான். இன்னாசியோ அவனுடைய கூட்டாளி. கால் நசுங்கிய அன்று அவனைத் தோளில் போட்டுக்கொண்டு வைத்தியரிடம் ஓடியவன். அவன் மேல் கோபப்படவும் வழியில்லை. கல்யாணத்தன்று எட்வர்ட் நொண்டிக்கொண்டே பந்தியில் இலை போட்டான்.

அந்த ஊரில் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகமாட்டார்கள். பூசை முடிந்து, சாப்பிட்டு, வெயில் சாயும்வரை பூவரச மரத்தடியில் உட்கார்ந்து வேறு என்னதான் செய்வது? அங்கேதான் ‘ஏழு தூண் கோட்டை’ நுழைந்தது. மெட்ராஸில் எவரோ ஒருவர் எழுதிய மாயாஜாலக் கதை. பாகம் பாகமாக வரும். வருஷத்துக்கு ஒன்று, சில வருஷம் அதுவும் இல்லை. ஸ்டேஷன் பக்கத்தில் டீக்கடை வைத்திருந்த சதக்கத்துல்லா அதை மெட்ராஸ் ரயிலில் வரவழைத்து எட்வர்டிடம் கொடுப்பார். இளவரசன் பூங்கதிர், அவனுடைய பறக்கும் குதிரை, ஒற்றைக்கண் மந்திரக்காரி காளிங்கி, கப்பலில் சுக்கான் பிடிக்கும் மருதன் என்று கதை விரிந்துகொண்டே போகும். ஒரு பாகத்தை எட்டு ஞாயிற்றுக்கிழமை படிப்பான் எட்வர்ட். மிச்ச ஞாயிற்றுக்கிழமையெல்லாம் அதை வைத்துச் சண்டை.

சண்டை என்றால் லேசுப்பட்ட சண்டை இல்லை. வியாகுலம் என்று ஒரு மனிதர், ஐம்பது வயது, கடலிலேயே தலை நரைத்தவர். முதல் பாகத்தில் இளவரசனின் கப்பல் ஆடி மாதம் வாடைக் காற்றில் பாய் விரித்துப் போனது என்று படித்ததுமே எழுந்து நின்றுவிட்டார். பாகம் முழுதும் முடிந்த பிறகும் அதை விடவில்லை.

“ஏலே, ஆடியில ஏதுலே வாடை? கச்சான் காத்து மண்ணை வாரித் தூத்துற மாசம்லே அது. இவன் கடலை எங்கன பாத்தான், பானைக்குள்ளயா?”

“மந்திரக்காரி காத்தைத் திருப்பி விட்டிருப்பா” என்றாள் வேளாங்கண்ணி, அவருடைய மனைவி. புருஷன் எதைச் சொன்னாலும் அதற்கு மறுபக்கம் போய் நிற்பது அவளுக்கு வழக்கம்.

“மந்திரக்காரி கடைசியிலதான வாரா?”

“வாரதுக்கு முந்தியும் எங்கனயாச்சும் இருந்திருப்பால்ல?”

இப்படித்தான் போகும். காளிங்கிக்கு ஒரு பாகத்தில் இடது கண் குருடு, அடுத்ததில் வலது கண் குருடு. கோட்டைத் தூணில் இரண்டு இடிந்து விழும், பத்துப் பக்கம் தள்ளிப் பார்த்தால் ஏழும் நிற்கும். அமாவாசை கழிந்த மூன்றாம் நாள் முழு நிலா வெளிச்சத்தில் யுத்தம் நடக்கும். பிறையைப் பார்த்து நீரோட்டம் சொல்கிறவர்களிடம் இதைப் படித்தால் சும்மா விடுவார்களா? கதையில் ஓட்டை கண்டுபிடிக்கிறவர்கள், அந்த ஓட்டையை எதையாவது சொல்லி அடைக்கிறவர்கள் என்று ஊரே இரண்டு கட்சியாக இருந்தது. லீமாரோஸ் அடைக்கிற கட்சி. மந்திரக்காரியைக் கண்ணாடியில் பார்த்த மாதிரி எழுதியிருப்பார், அதனால்தான் கண் மாறிவிட்டது என்பாள். இன்னாசி பின்னால் உட்கார்ந்து, அவள் சொன்னதற்கெல்லாம் தலையாட்டுவான்.

ஐம்பத்தைந்தாம் வருஷம் கார்த்திகையில் அடித்த புயலில் இன்னாசி போன வள்ளம் திரும்பவில்லை. அதில் மூன்று பேர். இரண்டு பேரின் உடல் மண்டபம் பக்கம் ஒதுங்கியது. இன்னாசி கிடைக்கவில்லை. ஊர் மூன்று நாள் தேடியது. நாலாம் நாள் அவரவர் வலையைத் தூக்கிக்கொண்டு தொழிலுக்குப் போனார்கள். வயிறு இருக்கிறதே, வேறு என்ன செய்வார்கள். எட்வர்ட் அந்த நாலாம் நாளும் கரையில் நின்றான். நிற்பதைத் தவிர அவன் காலுக்கு வேறு எதுவும் முடியாது.

கிறிஸ்துமஸ் கழிந்து மூன்றாம் பாகம் வந்தது. மகள் மனசு கொஞ்சமாவது மாறட்டும் என்று யாகப்பம்மாள்தான் லீமாரோஸைக் கையைப் பிடித்து மரத்தடிக்கு இழுத்துவந்தாள். கல்யாணமாகி ஒன்றரை வருஷம்கூட முடியாத பெண். கன்னம் ஒட்டிப்போய் இருந்தாள்.

எட்வர்ட் புத்தகத்தை முன்கூட்டிப் படித்து வைக்கிற ஆள் இல்லை. எல்லோரோடும் சேர்ந்து தெரிந்துகொள்வதுதான் அவனுக்கும் ருசி. அன்று பக்கத்தைத் திருப்பியதும் கண் வாயை முந்திக்கொண்டு பத்து வரி கீழே போய்விட்டது. புயல். கப்பல் சாய்கிறது. சுக்கானை விடாமல் பிடித்திருந்த மருதனை அலை வாரிக்கொண்டு போகிறது. ஏழு நாள் தேடியும் உடல் கிடைக்கவில்லை. இளவரசன் கரைக்கு வந்து அவனுக்குக் கருமாதி செய்கிறான்.

எட்வர்ட் நிமிர்ந்து பார்த்தான். நேர் எதிரே லீமாரோஸ், தாலிச் சிலுவையைப் பல்லில் கடித்துக்கொண்டு அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மருதன் கையில் ஒரு பலகை அகப்பட்டது” என்று படித்தான் எட்வர்ட். “அதைப் பிடித்துக்கொண்டு மிதந்து மிதந்து, பேர் தெரியாத ஒரு தீவில் அவன் கரையேறினான்.”

அந்தத் தாளில் அப்படி ஓர் எழுத்துக்கூட இல்லை. லீமாரோஸ் சிலுவையை வாயிலிருந்து எடுத்தாள். அன்றைக்கு வீட்டுக்குப் போய் ஒரு வட்டில் சோறு தின்றாளாம். மறுநாள் யாகப்பம்மாள் கிட்டங்கிக்கே வந்து இதைச் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எட்வர்டுக்கு மனசு நிறைந்துபோனது. ஒரு பக்கத்தை மாற்றிப் படித்ததில் யார் குடி முழுகிவிடப்போகிறது என்று நினைத்தான், பாவி.

கதை எழுதினவருக்கு மருதன் செத்தவன். அடுத்த பாகங்களில் அவன் பேரே கிடையாது. மரத்தடியிலோ உட்கார்ந்ததும் கேட்கிற முதல் கேள்வி “மருதன் என்ன ஆனான்?” என்பதுதான். எட்வர்ட் பாகத்துக்கு இரண்டு இடத்தில் சொந்தமாக நாலு வரி சேர்த்துப் படித்தான். மருதன் ஆமை முட்டை தின்று பிழைத்துக் கிடக்கிறான். மருதன் சிப்பியை அடுக்கி நாளை எண்ணுகிறான். தீ மூட்டினான், விறகு ஈரம், புகை மேலே எழும்பவில்லை. அதற்கு மேல் அவனை அந்தத் தீவைவிட்டு நகர்த்த எட்வர்டால் முடியவில்லை. நகர்ந்தால் கப்பலுக்கு வர வேண்டும், கப்பலில் அவனுக்கு இடம் இல்லை.

அதுவே அந்தக் கதையின் பெரிய ஓட்டையாகப் போய்விட்டது. வாடைக் காற்றையும் குருட்டுக் கண்ணையும் எல்லோரும் மறந்தார்கள். இளவரசனிடம் பறக்கும் குதிரை இருக்கிறது. அதில் ஏறி மூன்று உலகமும் சுற்றுகிறான். உயிர்க் கூட்டாளி ஒருவன் தீவில் கிடக்கிறானே, ஒரு தரமாவது தேடிப் போனானா?

“குதிரைக்கு வழி தெரியாதுல்ல” என்று வேளாங்கண்ணி அடைத்துப் பார்த்தாள்.

“பாதாளத்துக்கு வழி தெரியுது, பக்கத்துத் தீவுக்கு வழி தெரியலையாக்கும்” என்றார் வியாகுலம். “எழுதுனவன் ஆளைத் தீவுல எறக்கி விட்டுட்டு மறந்துட்டான். அம்புட்டுத்தான்.”

“மறக்கலை பெரியப்பா” என்றாள் லீமாரோஸ். அவள் இப்போது ஓட்டை கண்டுபிடிக்கிற கட்சிக்கு வந்திருந்தாள். “தேட மனசு இல்லை. மூணு நாள் தேடுனா போதும்னு நெனச்சிட்டாக. அதுக்கு மேல தேடுனா அவுக தொழில் என்னாகுறது?”

புத்தகத்தில் மூன்று நாள் என்று எங்கேயும் வரவில்லை. அது எல்லோருக்கும் தெரிந்தது. வியாகுலம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார்.

நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள். அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, செத்தவர்கள் பேரை வீட்டார் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி உபதேசியாரிடம் கொடுப்பார்கள். திருநாள் பூசையில் அந்தப் பேர்கள் வாசிக்கப்படும். கடலில் போய்க் கிடைக்காதவர்களுக்குக் குழி கிடையாது. பேர் வாசித்த பிறகு கல்லறைத் தோட்டத்து நடுச் சிலுவைக்குக் கீழே அவர்களுக்கு ஒரு மெழுகுதிரி ஏற்றுவார்கள். அந்தப் பேர் வாசிக்கப்படும்வரை ஆள் கடலில் இருக்கிறான் என்றுதான் அந்த ஊரில் வழக்கம். பெண்சாதி தாலியைக் கழற்ற வேண்டாம். அவளை யாரும் பெண் கேட்கவும் கூடாது. சீட்டைக் கொடுக்க வேண்டியவள் பெண்சாதிதான், வேறு யார் கொடுத்தாலும் செல்லாது. ஐம்பத்தாறில் லீமாரோஸ் கொடுக்கவில்லை. ஐம்பத்தேழிலும் இல்லை. ஐம்பத்தெட்டில் யாகப்பம்மாள் மகள் காலில் விழுந்தாள், அப்போதும் அவள் கொடுக்கவில்லை.

“அது கதைன்னு எனக்குத் தெரியாதாம்மா?” என்றாளாம். “ஆனா ஒரு ஆளு அப்படியும் பொழச்சுக் கெடக்க முடியும்னு படிச்சவரு ஒருத்தரு எழுதியிருக்காருல்ல. அது போதும் எனக்கு.”

யாகப்பம்மாள் இதை எட்வர்டிடம் வந்து சொன்னாள். கிட்டங்கி வாசலில் தராசுக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டு, கூடவே இன்னொன்றும் சொன்னாள்.

“நீ சொன்னாக் கேப்பா. பேரைக் குடுக்கச் சொல்லு மருமகனே. ஒரு வருசம் போகட்டும், அவளை ஒங்கையிலயே புடிச்சிக் குடுக்குறேன். அன்னைக்கு நாங்க செஞ்சது தப்புத்தான். காலைப் பாத்துட்டோம், மனுசனைப் பாக்கலை.”

லீமாரோஸ் எட்வர்டுக்கு வேண்டும். பந்தியில் இலை போட்ட அன்றும் வேண்டும், இன்றும் வேண்டும். மருதன் செத்துவிட்டான், நான்தான் மாற்றிப் படித்தேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் அவள் விடுபட்டுவிடுவாள். ஆனால் இப்போது சொன்னால் அது உனக்காகச் சொன்னதா, எனக்காகச் சொன்னதா என்று கேட்பாளே? யாகப்பம்மாள் ஆசை காட்டாமல் இருந்திருந்தால் என்றைக்காவது சொல்லித் தொலைத்திருப்பான். நல்லது செய்ய வந்தவள் அந்தக் கதவையும் சாத்திவிட்டுப் போனாள்.

ஐம்பத்தொன்பதாம் வருஷம் ஆறாம் பாகம் வந்தது. அதில் மருதனின் மனைவி செம்பா, தளபதி நீலவாணனுக்கு மாலையிடுகிறாள். எட்வர்ட் நினைத்திருந்தால் வேறொரு பெண்ணின் பேரைப் போட்டுப் படித்திருக்கலாம், அதற்குள் கைவந்த வித்தைதானே. படிக்கவில்லை. உள்ளதை உள்ளபடி படித்தான். நாலு வருஷத்தில் முதல் தடவையாக மருதன் விஷயத்தில் உண்மை படித்தான், அதுவும் நியாயத்துக்காக இல்லை. செம்பா கட்டிக்கொண்டாள் என்று கேட்டால் இவள் மனசும் கொஞ்சம் இளகாதா என்று ஒரு நப்பாசை.

“கட்டிக்கிட்டாளா?” லீமாரோஸ் எழுந்து நின்றுவிட்டாள். “புருசன் தீவுல சிப்பி எண்ணிக்கிட்டுக் கெடக்கான், இவ மாலை மாத்திக்கிட்டாளா?”

“அவன் உசிரோட இருக்குறது அவளுக்குத் தெரியாதுல்ல தாயி” என்றாள் வேளாங்கண்ணி.

“தெரியாட்டி? தெரியாட்டிச் செத்தான்னு அர்த்தமா?”

“எழுதுனவன் மறந்துட்டான்னு நா எப்பவோ சொன்னேன்” என்றார் வியாகுலம். “இதை இப்படியே விடக்கூடாது. அந்த ஆளுக்கு ஒரு காயிதம் போடணும்.”

மறுநாளே லீமாரோஸ் தங்கச்சிமடம் போய் ஒரு கார்டு வாங்கிவந்தாள். மரத்தடியில் நாலு பேர் சுற்றி நின்று சொல்லச் சொல்ல எட்வர்ட் எழுதினான். அய்யா, நீங்கள் மருதனைத் தீவில் விட்டதை மறந்துவிட்டீர்கள். அவன் உயிரோடு இருக்கிறான். அவன் மனைவிக்கு இன்னொரு கல்யாணம் செய்து வைத்தது தவறு. அடுத்த பாகத்தில் அவனை ஊருக்குக் கூட்டிக்கொண்டு வரவும். எழுதி முடித்ததும் சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்ளப் பார்த்தான். பிறகு அடுப்பில் வைத்துவிட்டு, பதில் வரவில்லை என்று சொல்லிவிடலாம் என்பது அவன் எண்ணம்.

“குடு மச்சான், நானே போட்டுட்டு வாரேன்” என்று லீமாரோஸ் கையை நீட்டினாள். “நீ எதுக்குக் காலை இழுத்துக்கிட்டு அம்புட்டுத் தூரம் போற?”

அவன் மேல் இரக்கப்பட்டுத்தான் சொன்னாள். அவன் கொடுத்தான்.

கார்டு என்பது திறந்து கிடக்கிற சமாசாரம். தபால்காரர் பூமிநாதன் ஆறு மாதத்துக்கு முன்னால்தான் மாற்றலாகி வந்திருந்தார். அபிராமத்துக்காரர், வயலும் கண்மாயுமாக வளர்ந்தவர், ‘ஏழு தூண் கோட்டை’யில் பித்துப் பிடித்தவர். தை மாதம் அறுவடையான வயலில் அதே தை மாதம் இளவரசன் பச்சைப் பயிருக்குள் எப்படி ஒளிந்தான் என்று இரண்டு வருஷமாகக் கேட்க ஆளில்லாமல் திண்டாடிக்கொண்டிருந்தவர். முத்திரை குத்தும்போது முகவரியைப் பார்த்தார், அப்புறம் கை சும்மா இருக்கவில்லை, திருப்பியும் பார்த்துவிட்டார். கார்டை ஒழுங்காக மெட்ராஸுக்கு அனுப்பிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மணலில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, மூன்றாம் பாகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பூவரச மரத்தடிக்கு வந்து நின்றார்.

“உங்களைப் போல ஆளுக இங்கன இருக்கது தெரியாமப் போச்சே” என்று சந்தோஷமாக ஆரம்பித்தார். “ஆனா ஒண்ணு கேக்கணும். மருதன் உசிரோட இருக்கான்னு எழுதியிருக்கீகளே, அது எப்படி? அவந்தான் மூணாம் பாகத்துலயே கடலோட போயிட்டானே. கருமாதியும் முடிஞ்சிருச்சே.”

எல்லோரும் சிரித்தார்கள்.

“தபால்காரரே, நீங்க கம்மாத் தண்ணியப் பாத்த ஆளு” என்றார் வியாகுலம். “கடல்ல விழுந்தா ஒடனே சாவுன்னு நெனச்சுக்கிட்டீக.”

“நா நெனைக்கலைங்க. புத்தகத்துல இருக்கு. இந்தா, நூத்திப் பன்னண்டாம் பக்கம்.”

“ரெண்டு விதமா அச்சடிச்சிருப்பாகளோ?” என்றாள் வேளாங்கண்ணி. கடைசிவரைக்கும் அடைக்கிற கட்சிதான் அவள்.

“எதுக்குச் சண்டை? எட்வர்டு படிக்கட்டும்” என்றார் வியாகுலம். “அவனுக்குப் பொய் வராது.”

புத்தகம் கைக்குக் கை மாறி எட்வர்டின் மடிக்கு வந்தது. பூமிநாதன் அவன் தோளுக்குப் பின்னால் குனிந்து வரியை விரலால் காட்டினார். அவர் மட்டும் அங்கே இல்லாமல் இருந்திருந்தால் எட்வர்ட் அன்றைக்கும் ஒரு பலகையை மிதக்க விட்டிருப்பான். தப்ப வழி இல்லாததால் படித்தான். புயலைப் படித்தான். அலை மருதனை வாரிக்கொண்டு போனதைப் படித்தான். ஏழு நாள் தேடியதையும், உடல் கிடைக்காததையும், கரையில் செய்த கருமாதியையும் ஒன்று விடாமல் படித்தான். எப்போதும் ஏறி இறங்குகிற குரல் அன்று ஒரே மட்டத்தில் போனது.

“ஒன் புத்தகத்துல எப்படி இருக்கு மச்சான்?” என்று கேட்டாள் லீமாரோஸ்.

“இதேதான்.”

“அன்னைக்கும் இதேதானா?”

“இதேதான்.” அவளைப் பார்க்காமல் சொன்னான். “நீ சோறு திங்காமக் கெடந்த. எனக்குப் படிக்க வாய் வரலை.”

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எட்வர்டுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

“அன்னைக்கே படிச்சிருந்தா அன்னைக்கே அழுது தீத்திருப்பேன்” என்றாள். “நாலு வருசம் மச்சான். கரைக்கு வார ஒவ்வொரு வள்ளத்துலயும் எத்தனை தலை தெரியுதுன்னு நாலு வருசமா எண்ணிக்கிட்டு நின்னேன். நீயும் பாத்துக்கிட்டுத்தான இருந்த?”

அவன் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். கிட்டங்கி வாசலில் நின்றால் கரை முழுக்கத் தெரியும். லீமாரோஸ் எழுந்து, சேலையில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டு வீட்டுக்குப் போனாள்.

“அப்ப காளிங்கி கண்ணு?” என்று வியாகுலம் மெதுவாகக் கேட்டார். “அதுவும் நீ மாத்துனதுதானா?”

“இல்லை மாமா. அது அவரு எழுதுனது.”

“தூணு? வாடைக் காத்து?”

“அதெல்லாம் எழுதுனவரு தப்புங்க, என் புத்தகத்துலயும் அப்படித்தான் இருக்கு” என்று பூமிநாதன் இடையில் விழுந்து சொன்னார். என்ன காரியம் செய்துவிட்டோம் என்பது அவருக்கு அப்போதுதான் லேசாகப் புரிந்தது. யாரும் அவர் பேச்சைக் காதில் வாங்கவில்லை. எது கதைக்காரன் விட்ட ஓட்டை, எது எட்வர்ட் போட்ட ஓட்டை என்று தெரியாத கதையை வைத்துக்கொண்டு எப்படிச் சண்டை போடுவது? ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். அதற்கப்புறம் மரத்தடியில் அந்தப் புத்தகத்தை யாரும் விரிக்கவில்லை.

அந்த வருஷம் கல்லறைத் திருநாளுக்கு லீமாரோஸ் சீட்டுக் கொடுத்தாள். எட்வர்டிடம் எழுதி வாங்கவில்லை. உபதேசியாரிடமே போய், அவர் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்லி, எழுதி வாங்கிக்கொண்டாள். பூசையில் இன்னாசியின் பேர் வந்தபோது பெண்கள் பக்கமிருந்து ஓர் அலறல் கேட்டது. நாலு வருஷத்து அழுகை அது, சாமியாரே கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். எட்வர்ட் கடைசித் தூணோரம் நின்று வாயில் துண்டைத் திணித்துக்கொண்டு அழுதான். அவனுக்கும் இன்னாசி அன்றைக்குத்தான் செத்தான். நாலு வருஷமாக மருதனைப் பிழைக்க வைத்ததில் தன் கூட்டாளிக்கு அழுவதையே மறந்துபோயிருந்தான்.

யாகப்பம்மாள் தான் கொடுத்த வாக்கைப் பற்றி அதன் பிறகு வாயைத் திறக்கவில்லை. வழியில் எதிர்ப்பட்டால் “சாப்பிட்டியா?” என்று கேட்டுவிட்டு நடையைக் கட்டுவாள். ஊரும் அவனைத் திட்டவில்லை, ஒதுக்கவும் இல்லை. கடிதம் வந்தால் மட்டும் பூமிநாதனையே வாசலில் நிறுத்திப் படிக்கச் சொன்னார்கள். சிலர் பழைய கடிதங்களையும் பெட்டியிலிருந்து எடுத்துவந்து அவரிடம் இன்னொரு தரம் படித்துக் கேட்டுக்கொண்டார்கள். எல்லாம் எட்வர்ட் படித்த மாதிரியேதான் இருந்தன. அதைக் கேட்டுத் தெளிந்தவர்கள்கூட அடுத்த கடிதத்தை அவனிடம் கொண்டுவரவில்லை.

தவக்காலத்தில் ஒருநாள் காலையில் லீமாரோஸ் கிட்டங்கிக்கு வந்தாள். கழுத்து வெறுமையாக இருந்தது. அவன் பக்கத்தில் வராமல், தராசுக்கு அந்தப் பக்கமே நின்று, ஒரு கடிதத்தை நீட்டினாள். கல்யாணமான முதல் வருஷம் இன்னாசி சங்கு குளிக்கத் தூத்துக்குடி போயிருந்தபோது அங்கே யாரிடமோ சொல்லி எழுதிப் போட்ட கடிதம். அவன் அவளுக்குப் போட்டது அந்த ஒன்றுதான்.

“தபால்காரர்கிட்டக் காமிச்சேன்” என்றாள். “சங்கு கொறைச்சல்னு இருக்காம். ஈஸ்டருக்கு வாரேன்னு இருக்காம். நீ இன்னொண்ணு படிச்ச மச்சான். அந்த எடத்துல எழுத்தே இல்லைங்காரு.”

எட்வர்ட் வாங்கிப் பார்த்தான். அஞ்சு வருஷமாக மடித்துப் பிரித்து, மடித்துப் பிரித்து, இடுப்பிலும் தலைமாட்டிலும் வைத்து, நடு மடிப்பு நைந்து இற்றுப்போயிருந்தது. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் அந்தப் பக்கம் கடல் தெரிந்தது. அந்த மடிப்பில் என்ன எழுதியிருந்தது என்பது அவனுக்கு மனப்பாடம். தண்ணிக்கடியில் மூச்சு முட்டும்போது லீமா, லீமா என்று மனசுக்குள் இரண்டு தரம் சொல்லிக்கொள்வேன், இன்னும் கொஞ்சம் தம் கிடைக்கும். அன்றைக்கு அதை அவளுக்குப் படித்துக் காட்டியவன் அவன்தான். ஓர் எழுத்துக்கூடக் கூட்டாமல் குறைக்காமல் படித்தான்.

“இருந்துச்சு லீமா. இங்கனதான் இருந்துச்சு. மடிப்புல தேஞ்சு போச்சு.”

“அது அவரு சொன்னதா, நீ சொன்னதா?”

“அவன் சொன்னதுதான். மாதா மேல ஆணையா.”

“மருதன் சிப்பி எண்ணுனதையும் நீ இப்படித்தான் அழகாப் படிச்ச” என்றாள் லீமாரோஸ். சத்தம் போடவில்லை. நம்ப வேண்டும் என்று அவளுக்கும் ஆசை இருந்தது, அது முகத்தில் தெரிந்தது, அதைத்தான் எட்வர்டால் தாங்க முடியவில்லை. பிறகு கடிதத்தை வாங்கி, பழைய மடிப்பிலேயே மடித்து, இடுப்பில் செருகிக்கொண்டு கரையோரமாக நடந்து போனாள்.

அது இன்னாசி சொன்னதுதான். அதை அறிந்தவன் இனி எட்வர்ட் ஒருவன்தான், அவன் சொன்னால் அவள் நம்பமாட்டாள்.